எதிர்காற்றில் பதினொன்றரை மணி நேரம்

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். மாதத்தில் இரண்டு மூன்று தடவை தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு நீலப் பெட்டி என்று கிளம்புவாள். சில நாள் கழித்து அதே பையும் அதே பெட்டியுமாகத் திரும்புவாள். போகும்போதும் பெட்டி காலி, வரும்போதும் காலி. நடுவில் அதற்குள் என்ன இருந்தது என்பதற்குக் கட்டடத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கீழ்வீட்டு இஸ்திரிக்காரர் வைரம் என்றார். வாட்ச்மேன் மனுஷ இதயம் என்று அடித்துச் சொன்னார். அது துடிக்கிற சத்தம் அவர் காதிலேயே விழுந்ததாம், அதுவும் காலிப் பெட்டியிலிருந்து.

உள்ளே இருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. விரித்த உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதில் நீர்த்த தக்காளிச் சாறு மாதிரி கொஞ்சம் திரவம். நல்ல உடம்புக்காரர் ஒருவரிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல், புது ரத்தம் ஊற வைக்கிற மூல அணுக்கள். ரத்தப் புற்றுநோய் வந்த இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியது. கொடுக்கிறவர் ஒரு நகரத்தில் இருப்பார், வாங்கிக்கொள்கிறவர் வேறொரு நகரத்தில். ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்பது விதி. இடையில் கிடக்கிற ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கும் யாராவது அதைக் கையிலேயே கொண்டுபோக வேண்டும். சரக்கோடு சரக்காகப் போட முடியாது. தலைக்கு மேலே இருக்கிற தட்டில் வைக்கக் கூடாது, ஸ்கேனர் வழியாக விடக் கூடாது, கண்ணை விட்டு மறையக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் பெட்டி கூடவே வரும்.

இந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, கிருமி நீக்கித் தட்டில் அடுக்குகிற வேலை பார்த்தாள். பிறகு அந்த வேலையை ஆஸ்பத்திரி ஒரு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். இருந்த அலமாரியை எல்லாம் துடைத்து முடித்து, இனி துடைக்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்த நேரத்தில், ரத்தப் பிரிவின் தலைமை நர்ஸ் கூப்பிட்டு அனுப்பினார்.

"உனக்கு விமானத்துல போகப் பயமா?"

"போனதே இல்லையே சிஸ்டர், எப்படித் தெரியும்?"

"பஸ்ல, ரயில்ல தூங்குவியா?"

"எங்கே? கண்ணை மூடினாலே தலை சுத்தும். சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

"அப்ப நீதான் சரியான ஆளு" என்றார் நர்ஸ். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அதற்குப் பிறகு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டிக்குள் வெப்பநிலை காட்டுகிற சின்னக் கருவியைப் படிக்கவும், விமான நிலையத்தில் எந்தத் தாளை யாரிடம் நீட்டுவது என்றும், குளிர்க் கட்டிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்றும் சொல்லித் தந்தார்கள். ஒரு பொருளைத் தரையில் வைக்காமல் ஒரு நாள் முழுக்கச் சமாளிப்பது எப்படி என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கணவன் லிப்ட் மெக்கானிக். சிரிக்காமல் பேசியே மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற ஆள். அவள் முதல் தடவை போய் வந்த அன்று, "நான் மேலயும் கீழயும் போன தூரத்தைக் கூட்டிப் பாத்தா நானும் இந்நேரம் அக்கரைக்குப் போயிருப்பேன். என்ன, எத்தனை தரம் போனாலும் அதே கட்டடத்துலதான் இறங்கியிருப்பேன்" என்றான்.

அக்கரை என்பது அந்த வீட்டில் ஒரே ஒரு நகரத்துக்குத்தான் பெயர். கணவனின் அக்கா மகள் கல்யாணமாகி அங்கேதான் இருந்தாள். அந்த அக்கா, அதாவது பெட்டிக்காரிக்கு அண்ணி, வீட்டுக்காரர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பெட்டிக்காரி பெரும்பாலும் போய் வந்தது அந்த அக்கரை நகரத்துக்குத்தான். அங்கே இருந்த ஆஸ்பத்திரிக்கும் இங்கே இருந்த ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்.

அண்ணிக்கு அதில் ஒரு தீராத குறை. "ஒரு பெட்டியைத் தூக்கிட்டுப் போறவ, என் பேத்திக்கு ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுபோக மாட்டேங்கறா" என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்வார். அடுத்தவர் பொருளை எடுத்துப்போகக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும், "பெட்டியில இருக்கறது மட்டும் உன் பொருளா?" என்று கேட்பார். 

அண்ணிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "அதே ஊரு, அதே வழி. போகறதுக்குப் பதினொன்றரை மணி நேரம், வர்றதுக்குப் பத்தா? வர்றப்ப ஓட்டுறவருக்கு வீட்டு ஞாபகம் வந்துடுமோ?"

"காத்து அண்ணி. மேல எப்பவும் ஒரே பக்கமா அடிச்சிக்கிட்டிருக்கும். போகறப்ப அது மூஞ்சில அடிக்கும், வர்றப்ப முதுகைத் தள்ளும்."

"சரி. அப்புறம் வழி காட்டற வரைபடத்துல ஏன் நேராப் போகாம மேல ஏறி வளைஞ்சு போகுது? எண்ணெய் வீணாகாதா?"

இதற்கு அவள் கணவனைப் பார்த்தாள். அவன் எழுந்துபோய் பக்கத்து வீட்டுப் பையனுடைய பந்து ஒன்றையும் தையல் நூலையும் கொண்டுவந்தான். பந்தில் இரண்டு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தான். இறுக்க இறுக்க நூல் தானாக நழுவி மேலே ஏறி நின்றது. "இதுதான் குறுக்குவழி. காகிதத்துல வளைவாத் தெரியும், பந்துல இதுதான் நேர்" என்றான். அண்ணி நூலை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். "அப்படின்னா ஒண்ணும் அவ்வளவு தூரம் இல்லையே" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அவர் அக்கரைக்குப் போகவே சம்மதித்தார். அங்கிருந்து ஒரு பையை எடுத்துவர வேண்டிய வேலை வந்தது. போகும்போது காலிப் பெட்டி என்பதால் உடன் யார் வந்தாலும் தடையில்லை. அண்ணிக்கு அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் டிக்கெட் எடுத்தார்கள். ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் இரண்டு கைப்பிடியையும் அவர் விடவேயில்லை. சாப்பாட்டைக்கூடப் பெட்டிக்காரிதான் ஊட்டிவிட்டாள். பேத்தியோடு மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு, தான் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் விமானம் விழாமல் இருந்தது என்கிற மாதிரி ஒரு களைப்போடு நாற்காலியில் சாய்ந்தார். பொட்டலப் பேச்சு அதோடு நின்றது.

பெட்டிக்காரிக்கு விமானத்தில் சில பழக்கங்கள் உண்டு. கைக்கடிகாரத்தை ஊருக்கு ஊர் மாற்ற மாட்டாள். மத்தியானம் கிளம்பி, பதினொன்றரை மணி நேரம் பறந்து இறங்கினால் அங்கே அதே நாள் சாயங்காலமாக இருக்கும். மனிதர்களுக்கு அது லாபம் மாதிரித் தோன்றும். பைக்குள் இருக்கிற உயிரணுக்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடம்பை விட்டு வெளியே வந்த நேரத்திலிருந்து அவை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும். அதனால் அவள் கடிகாரம் எப்போதும் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே ஓடும். எதிரே இருக்கிற திரையில் படம் பார்ப்பதில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியைக் காலோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எண் குறைவதைப் பார்ப்பதில் அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. தாமதம் வந்தது, பனிமூட்டம் வந்தது, ஒரு தடவை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்தாள். ஏழாவது வருஷத்தில்தான் அந்தப் பயணம் வந்தது.

அன்று காலை பை கையில் வந்தபோது, எப்போதும் பேசாத ஆய்வகக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "அங்க எல்லாம் தயாரா இருக்காங்க. மருந்து குடுத்து முடிச்சாச்சு." அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொள்கிறவரின் உடம்பில் இருந்த பழைய மஜ்ஜையைக் கடும் மருந்து கொடுத்து முழுக்க அழித்திருப்பார்கள். புதியது வந்து சேரும்வரை அந்த உடம்பில் ரத்தம் ஊற வழியே இல்லை. இனிப் பின்வாங்க முடியாது.

புறப்பட்டு ஐந்து மணி நேரம் இருக்கும். திரையில் எண் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விமானம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்புவது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. சுற்றிலும் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. ஒரு எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைகிறதாம். ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் வழியில் இருக்கிற ஒரு விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்றார்கள். குறைந்துகொண்டே வந்த எண் கூட ஆரம்பித்தது. அவள் திரையை அணைத்துவிட்டாள்.

இறங்கின இடம் சின்ன விமான நிலையம். வெளியே நல்ல வெயில். பயணிகளை எல்லாம் ஒரு கூடத்தில் உட்கார வைத்துத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். இந்த விமானம் இனிப் போகாது, வேறு விமானம் நாளைச் சாயங்காலம் வரலாம் என்றார்கள். வரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்றுதான் சொன்னார்கள்.

அவள் இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்கிற ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த பெண் இந்த மாதிரி நேரங்களில் குரலை உயர்த்தாதவள்.

"பெட்டி எத்தனை டிகிரி காட்டுது?"

"நாலு."

"நல்லது. நாளைச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க முடியாது. அது வந்து சேர்றதுக்குள்ள பாதிக்கு மேல போயிடும்னு டாக்டர்கள் சொல்றாங்க. இன்னும் ரெண்டு மணி நேரத்துல அங்கேருந்து ஒரு விமானம் நேரா அக்கரைக்குக் கிளம்புது. வேற கம்பெனி. நிறைஞ்சு போயிருக்கு. ஒரே ஒரு இடம் இருக்குன்னு கேள்வி. போய்க் கேளுங்க."

அவள் கேட்கப் போன கவுண்டரில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவள் வந்த விமானத்தில் நாலைந்து வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஆள். ஐம்பது வயசு இருக்கும். செருப்புக் கடை வைத்திருக்கிறாராம், பிறகு சொன்னார். கவுண்டர் பெண் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வயசு இருபத்தைந்துகூட இருக்காது.

"இருக்கறது ஒரு சீட். முதல்ல வந்தது இவர். ஆனா உங்க விஷயமும் அவசரமா இருக்கு. நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு பேரும் ஓரமாக வந்து நின்றார்கள். செருப்புக் கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார்.

"யாருக்குக் கொண்டுபோறீங்க?"

"தெரியாதுங்க. சொல்ல மாட்டாங்க."

"போய்ச் சேரலைன்னா?"

அவள் உள்ளதைச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா அங்க தம்பி வீட்ல இருக்காங்க" என்றார். "இன்னைக்குக் காலையில தம்பி போன் பண்ணான். நினைவு வருது போகுதாம். என் பேரைத்தான் கேக்கறாங்களாம். உடனே கிளம்பி வந்துட்டேன்."

அவள் பெட்டியை மறு கைக்கு மாற்றினாள். அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாயைத் திறந்து கேட்டா நான் குடுத்துருவேன். என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. அதனால கேக்காதீங்க."

பெட்டிக்காரி பிற்பாடு கணவனிடம் சொன்னாள்: வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான ஒரு நிமிஷம் வந்ததே இல்லை. கேள் என்று ஒரு மனசு பிடித்துத் தள்ளியது. முகம் தெரியாத ஆள் ஒருவர் அங்கே ரத்தம் ஊறாத உடம்போடு படுத்திருக்கிறார். எதிரே நிற்கிறவர் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்த பயம், அம்மாவுக்காக மட்டும் இல்லை, அவள் கேட்டுவிடுவாளோ என்பதற்காகவும்.

"நீங்க போங்க சார்" என்றாள். "நான் வேற வழி பாக்கறேன்."

வேறு வழி என்ன என்று அவளுக்கு அப்போது தெரியாது. அவர் கவுண்டரை நோக்கி நடந்தார். நடையில் ஒரு வேகம் இல்லை.

மறுபடி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். இவள் திட்டு வாங்கத் தயாராக இருந்தாள்.

"ஆள் போக முடியலைன்னா பெட்டி மட்டும் போகலாம்" என்றாள் அலுவலகப் பெண். "விமானி ஒத்துக்கணும். தன் கூடவே, தன் அறையிலேயே வச்சுக்கணும். இறங்கினதும் நம்ம ஆள் விமானத்தடிக்கே வந்து அவர் கையிலேருந்து வாங்கிக்குவார். வேற ஊர்ல ஒரு தடவை செஞ்சிருக்கோம். டாக்டர்கள் கிட்டயும் அந்தக் கம்பெனி கிட்டயும் நான் பேசிடறேன். நீங்க விமானியைப் பிடிங்க."

"பெட்டியை விட்டுட்டா?"

"ஆமா. விட்டுட்டு."

கவுண்டர் பெண் இப்போது விழுந்தடித்துக்கொண்டு உதவினாள். முடிவைத் தன் தலையில் கட்டாமல் விட்டதற்கு நன்றி போலிருந்தது அது. எங்கோ ஓடிப்போய் விமானியைக் கையோடு அழைத்துவந்தாள். நரைத்த தலை, மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி, கையில் பாதி குடித்த காபிக் கோப்பை. தன் கம்பெனியிலிருந்து அவருக்கு அதற்குள் போன் வந்திருந்தது. ஆனாலும் நேரில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஒழுகுமா?"

"ஒழுகாது சார். மூணு உறை இருக்கு."

"என் அறையில குளிர் போதுமா?"

"பெட்டி தன் குளிரைத் தானே பாத்துக்கும். நீங்க திறக்காம இருந்தாப் போதும். கவிழக் கூடாது, குலுங்கக் கூடாது. மேல எதையும் வைக்கக் கூடாது. ஹீட்டர் பக்கத்துல வைக்கக் கூடாது. யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது, பேரும் அடையாள அட்டையும் பாத்துத்தான் குடுக்கணும்." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

விமானி காபிக் கோப்பையைக் கவுண்டர் மேல் வைத்தார். "என் காலுக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. என் பையை வைக்கற இடம். பையை வேற எங்கயாவது போட்டுக்கறேன்" என்றார்.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு இழுபறி நடந்தது. பெட்டி ஸ்கேனர் வழியாகத்தான் போக வேண்டும் என்றார் அங்கே நின்ற அதிகாரி. விமானி தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், "இதை ஏத்தறது நான். இது கூட உட்காரப் போறதும் நான். எனக்குப் பயமில்லை" என்றார். அதிகாரி மேலதிகாரியைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் துணியால் நாலு பக்கமும் துடைத்து, அந்தத் துணியை ஒரு கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

ஒப்படைப்புத் தாளில் விமானி கையெழுத்துப் போட்டார். பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். நீட்டின கை நீட்டினபடியே நின்றது. அவள் பிடியை விடவில்லை. விடவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக, ஆஸ்பத்திரி வாசலைத் தவிர வேறெங்கும் அந்த விரல்கள் விரிந்ததில்லை. கவுண்டர் பெண் மெதுவாக அவள் மணிக்கட்டைத் தொட்டாள். அப்போதுதான் விட்டாள்.

வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் கடைசியாகச் செருப்புக் கடைக்காரர் இருந்தார். எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். அவளிடம் வந்து போன் நம்பர் கேட்டார். "நான் பின்னாடிதான் இருப்பேன். ஆனா இறங்கறப்ப கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

கண்ணாடி வழியாக அந்த விமானம் ஏறுவதைப் பார்த்தாள். பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துணிப்பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறைக்குத் தனியாகப் போய் வந்தாள். பாதியில் எதையோ மறந்துவிட்ட பதற்றத்தில் திரும்பி ஓடி வந்து, நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "என்னம்மா தொலைச்சே?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

விமானக் கம்பெனி எல்லாரையும் ஒரு ஹோட்டலில் தங்க வைத்தது. காலையில் போன் வந்தது. செருப்புக் கடைக்காரர்தான்.

"பெட்டியைக் குடுத்துட்டாரும்மா. நான் ஏணி மேல்படியிலயே நின்னுட்டேன். இறங்கச் சொன்னாங்க, கால் வலிக்குதுன்னு சொல்லி நின்னேன். ஒரு ஆள் வந்தார். விமானி அவர் அட்டையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, எழுத்தெழுத்தாப் படிச்சார். அப்புறம்தான் குடுத்தார். வாங்கினவர் நடக்கலை, ஓடினார்."

"ரொம்ப நன்றிங்க" என்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

"அம்மா நான் மேல இருக்கறப்பவே போயிட்டாங்க."

அவள் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். அவரே பேசினார்.

"நீங்க அப்ப கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன். குடுத்துட்டு, அங்க உக்காந்திருக்கறப்ப இந்தச் சேதி வந்திருந்தா, என்னையும் திட்டியிருப்பேன், உங்களையும் திட்டியிருப்பேன். காலம் பூரா. இப்ப அது இல்லை. வந்தேன், பிந்திட்டேன், அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பிறகு அவர் தம்பியோ யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார். அவரை அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை, பேசவுமில்லை. நம்பர் மட்டும் போனில் இருக்கிறது. 'செருப்புக் கடை' என்று பதிந்து வைத்திருக்கிறாள்.

அக்கரைக்குப் போக அவளுக்கு இனி வேலையில்லை. அங்கிருந்தே திரும்பினாள். முதுகைத் தள்ளுகிற காற்று. ஐந்து மணி நேரத்தில் போன தூரத்தை நாலரையில் வந்துவிட்டாள். வாசலில் வாட்ச்மேன் அவள் கையைப் பார்த்துவிட்டு, "பெட்டி எங்கம்மா?" என்றார்.

"வித்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். அவர் அதை நம்பி இஸ்திரிக்காரரிடம் சொல்ல, ஒரு வாரம் கட்டடம் அவளுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டது.

அலுவலகத்தில் அவளைத் திட்டவில்லை. ஆனால் ஒரு கூட்டம் வைத்து விசாரித்தார்கள். அந்த இருக்கைக்காக ஏன் இன்னும் வற்புறுத்தவில்லை என்று ஒரு அதிகாரி கேட்டார். "விமானி ஒத்துக்கலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தெரியாது சார்" என்றாள்.

அது நல்ல பதில் இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதிகாரி அதைத் தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த பயணத்துக்கு அவளையே போட்டார்கள். ஆனால் அதற்கடுத்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. பை போய்ச் சேர்ந்தது சரி. வழக்கத்தைவிட நேரமாகித்தான் சேர்ந்தது. அதில் எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு போயிற்று? கணவன் ஒருநாள், "நீ பண்ணது தப்புன்னு நினைக்கிறியா?" என்று கேட்டான்.

"இல்லை. ஆனா சரின்னும் சொல்ல முடியலையே."

அவன் அதற்கு வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

வாங்கிக்கொண்டவர் பற்றி எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. அலுவலகப் பெண்ணும் விதியை மீறுகிற ஆள் இல்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் பண்ணி, அடுத்த வாரப் பயணத் தேதியைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அப்புறம் ஒரு விஷயம். அன்னைக்கு நடுவுல நின்னுதே, அது பிடிச்சுக்கிச்சாம். புது ரத்தம் ஊற ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு மேல எனக்கும் தெரியாது, கேக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெட்டிக்காரி அப்போது கடையிலிருந்து காய்கறிப் பையோடு படி ஏறிக்கொண்டிருந்தாள். அவர்கள் கட்டட லிப்ட் கெட்டுப்போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஊர் லிப்டையெல்லாம் சரிபண்ணுகிற கணவனுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், பையைத் தரையில் வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தாள். மேலே ஏறி வந்த இஸ்திரிக்காரர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் வைத்தார்.

வீட்டுக்குள் போனதும் அண்ணி கேட்டார். "என்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"அன்னைக்குக் கொண்டுபோனேனே அண்ணி, அது பிடிச்சுக்கிச்சாம். பொழைச்சுக்குவாங்க போல."

"யாரு?"

"தெரியாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது."

"சின்னப் பிள்ளையோ?"

"இருக்கலாம்."

அண்ணி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆணா பெண்ணான்னு கூடத் தெரியாத ஒரு ஆளுக்கா இப்படி அழறே?"

"நான் எங்க அழுதேன்? நாலு மாடி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்குது."

"சரி, சரி. லிப்ட்காரன் வரட்டும், அவனைக் கேட்டுக்கறேன்" என்று சொல்லி, அண்ணி எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு இருவரும் வாசலில் இருந்த காய்கறிப் பையை உள்ளே எடுத்துவந்து, தரையில் கொட்டி, பிரித்துவைக்க ஆரம்பித்தார்கள்.